செல்போனுக்கு ஏற்ற விற்பனைப் பக்கம் அமைக்கும் முறை

மஞ்சள், நாட்டுச் சர்க்கரை, பாரம்பரிய நெல் அரிசி, செக்கு எண்ணெய், மாம்பழம் போன்ற விளைபொருள்களை இடைத்தரகர் இன்றி நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் முறையில் சிறு விவசாயிகள் பலர் இறங்கியுள்ளனர். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய குழுக்களில் சில தங்களுக்கென்று இணையப் பக்கமும் வைத்துள்ளன.

இப்பக்கங்களில் ஒரு பொதுவான குறை காணப்படுகிறது. கம்ப்யூட்டரின் அகன்ற திரையில் அழகாக இருக்கும் பக்கம், செல்போனில் திறந்தால் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அல்லது பொருளின் பெயர் மட்டும் தெரிந்து, விலை திரைக்கு வெளியே போய்விடுகிறது. வாங்க விரும்புகிறவர் கையில் இருப்பதோ செல்போன்தான். இரு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார், இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்க்கிறார், சலித்துப்போய் மூடிவிடுகிறார். வயலில் பூச்சி விழுந்தால் இலையில் அடையாளம் தெரியும். இவ்வாறு கைவிட்டுப்போகும் வியாபாரம் குழுவுக்குத் தெரிவதே இல்லை. பறித்த பழமும் காயும் அதுவரை காத்திருப்பதும் இல்லை.

இக்குறையை நீக்கும் முறை கடினமானதல்ல. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளில் பள்ளி இறுதி வரை படித்தவர்கள், நாள்தோறும் ஒரு மணி நேரம் செலவிட்டால், அடிப்படையை ஆறு வாரங்களில் கற்றுக்கொள்ள முயலலாம். பிறரிடம் பணம் கொடுத்துப் பக்கம் அமைத்துக்கொள்ளும் குழுவினரும், வேலை சரியாக உள்ளதா என்று சோதித்து வாங்க இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பக்கம் சுருங்குவது ஏன்?

இணையப் பக்கத்தின் அகலத்தைப் பிக்சல் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். மடிக்கணினித் திரை ஒன்றின் அகலம் 1366 பிக்சல் என்றால், சாதாரண ஆண்ட்ராய்டு செல்போனின் அகலம் பக்க அமைப்புக் கணக்கில் சுமார் 360 பிக்சல்தான். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

2007ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தபோது, பெரும்பாலான பக்கங்கள் கம்ப்யூட்டருக்காகவே எழுதப்பட்டிருந்தன. ஆகவே, பக்கம் 980 பிக்சல் அகலம் உள்ளது என்று செல்போன் தானே வைத்துக்கொண்டு, அதை முழுவதும் சுருக்கிக் காட்டும்படி ஏற்பாடு செய்தார்கள். இந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. நாம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, 980 பிக்சல் பக்கம் 360 பிக்சல் திரைக்குள் திணிக்கப்படும். 16 பிக்சல் உயரத்தில் எழுதிய எழுத்து 6 பிக்சலுக்கும் குறைவாகச் சுருங்கும். வயதானவர் அதைப் படிக்க இயலாது.

இதற்குப் பரிகாரம் ஒரே ஒரு வரி. பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்ற குறிச்சொல்லை எழுதி, பக்கத்தின் அகலம் கருவியின் அகலத்துக்குச் சமம் என்று தெரிவிக்க வேண்டும். கற்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுவே. இந்த வரி இல்லாவிட்டால், கீழே கூறப்படும் மற்ற முறைகள் அனைத்தும் பயனற்றுப்போகும். சிலர் இதே வரியில், பயன்படுத்துபவர் விரலால் பெரிதாக்க முடியாதபடி தடையும் போட்டுவிடுகிறார்கள். அத்தடையைப் போடக் கூடாது.

இம்முறை வந்த விதம்

முன்பு சில நிறுவனங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கமும் செல்போனுக்கு ஒரு பக்கமும் தனித்தனியே வைத்திருந்தன. இதில் வேலை இரட்டிப்பு. ஒன்றில் விலையை மாற்றிவிட்டு மற்றொன்றில் மாற்ற மறந்தால் வாங்குபவருடன் தகராறு வரும். 2010ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவைச் சேர்ந்த ஈத்தன் மார்க்கோட் என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில் மாற்று வழியைக் கூறினார். பக்கம் ஒன்றே போதும். திரையின் அகலத்துக்கு ஏற்ப அது தன்னைத்தானே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்கு அவர் இட்ட பெயர் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்'. விகிதப்படி அமைந்த அகலங்கள், இடத்துக்கேற்பச் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறியும் கட்டளைகள் ஆகிய மூன்றும் இதன் அடிப்படை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், செல்போனில் செய்யும் தேடல்களில், செல்போனுக்கு ஏற்ற பக்கங்களுக்கு கூகுள் நிறுவனம் முன்னுரிமை தரத் தொடங்கியது.

விகித முறையில் அகலம்

ஒரு ஏக்கருக்கான விதையை ஐம்பது சென்ட் நிலத்தில் யாரும் கொட்டுவதில்லை. பரப்புக்குத் தக்கபடி விதையளவைக் குறைத்துக்கொள்கிறோம். பக்க அமைப்பிலும் இவ்விதமே செய்ய வேண்டும். அகலத்தை நிலையான பிக்சலில் எழுதாமல், சதவீதத்தில் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 960 பிக்சல் அகலப் பக்கத்தில் விலைப்பட்டியலுக்கு 300 பிக்சல் ஒதுக்கியிருந்தால், 300ஐ 960ஆல் வகுத்து 31.25 சதவீதம் என்று எழுதலாம். இனித் திரை எதுவானாலும் பட்டியல் அதே பங்கைப் பெறும்.

இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. 360 பிக்சல் செல்போனில் 31.25 சதவீதம் என்பது 112 பிக்சல்தான். 'நாட்டுச் சர்க்கரை' என்ற பெயரே அதில் ஒரு வரியில் அடங்குவது கடினம். எனவே விகிதம் மட்டும் போதாது. திரை குறுகும்போது பக்கவாட்டில் உள்ள பத்திகளை ஒன்றன் கீழ் ஒன்றாக இறக்க வேண்டும். இதற்கு வழி பின்னர் கூறப்படுகிறது.

வரப்பைச் சேர்த்து அளத்தல்

புதிதாகக் கற்பவர்களைப் பெரிதும் குழப்புவது, பக்கம் பக்கவாட்டில் நகர்வதாகும். ஒரு பெட்டிக்கு 100 சதவீத அகலம் கொடுத்து, உள்ளே எழுத்து ஓரத்தில் ஒட்டாதிருக்க இருபுறமும் 16 பிக்சல் இடைவெளியும் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வழக்கமாக அந்த இடைவெளியைத் தனியே கூட்டும். 360உடன் 32 சேர்ந்து 392 ஆகிவிடும். 32 பிக்சல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நிலத்தை வரப்பு நீக்கி அளப்பதற்கும் வரப்பைச் சேர்த்து அளப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. 'பாக்ஸ் சைசிங்' என்ற கட்டளையில் 'பார்டர் பாக்ஸ்' என்று எழுதினால், இடைவெளியும் ஓரக்கோடும் அகலத்துக்குள்ளேயே அடங்கும். இதைப் பக்கம் முழுமைக்கும் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

படங்களைக் கையாளும் முறை

படங்களின் அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்றும், உயரம் தானாக அமையும் என்றும் எழுத வேண்டும். இதனால் படம் தன் இடத்தை மீறாது; நீளவும் நசுங்கவும் செய்யாது.

படத்தின் கனத்தையும் குறைக்க வேண்டும். செல்போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஒன்று 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது. செல்போன் திரையில் தெளிவாகத் தெரிய 1080 பிக்சல் அகலம் போதும். அவ்வாறு சுருக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்காகிவிடும். சிக்னல் குறைந்த கிராமத்திலும், டேட்டா தீரும் நிலையில் உள்ளவரிடமும் பக்கம் விரைவில் திறக்கும்.

அச்சகத்தில் செய்த நோட்டீஸை அப்படியே படமாகப் பக்கத்தில் போடும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். படத்தில் உள்ள எழுத்து திரைக்கேற்ப வரி மாறி அமையாது. படத்தோடு சேர்ந்து சுருங்கும். அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. விலை மாறினால் மறுபடி அச்சகத்துக்கு ஓட வேண்டும். விலை, எடை, எண் அனைத்தையும் எழுத்தாகவே எழுத வேண்டும்.

சிறிய திரையிலிருந்து தொடங்குக

பக்கத்தை முதலில் செல்போனுக்கு எழுதி, பின்பு பெரிய திரைக்கு விரிப்பதே எளிது. செல்போனில் எல்லாம் ஒரே பத்தியாக, ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கட்டும். எது முதலில், எது அடுத்து என்பதைக் குழுவினர் கூடி முடிவு செய்ய வேண்டும். என்ன பொருள், என்ன விலை, எப்போது கிடைக்கும், யாரை அழைப்பது ஆகிய நான்கும் முதலில் வர வேண்டும். குழுவின் வரலாறு, விழாப் படங்கள், தலைவர் உரை முதலியவை கீழே இருக்கலாம்.

அதன்பின் 'மீடியா குவெரி' என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். திரையின் அகலம் 600 பிக்சல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இரு பத்தியாக அமைக்கவும் என்பது போன்ற நிபந்தனை இது. இந்த எல்லை அளவுகளை ஒவ்வொரு செல்போன் மாடலுக்கும் தனித்தனியே வைப்பது வீண். மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கை மட்டும் நம்பாமல் மண்ணின் ஈரத்தைப் பார்த்து நீர் பாய்ச்சுவது போல, பக்கத்தை மெல்ல அகலப்படுத்திக்கொண்டே சென்று, எந்த இடத்தில் வரிகள் மிக நீண்டு படிக்கச் சிரமம் தருகின்றனவோ அந்த இடத்தில் எல்லை வைக்க வேண்டும். சிறிய விற்பனைப் பக்கத்துக்கு இரண்டு எல்லைகள் போதும்.

பாத்தி கட்டும் முறை

பொருள்களைச் சிறு கட்டங்களாகக் காட்ட 'கிரிட்' என்ற முறை பெரிதும் உதவும். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய முக்கிய உலாவிகளில் இது இடம்பெற்றது. ஒவ்வொரு கட்டமும் 220 பிக்சலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மீதி இடத்தைக் கட்டங்கள் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் எழுதலாம். பக்க ஓரங்களிலும் கட்டங்களுக்கு நடுவிலும் 16 பிக்சல் இடைவெளி விட்டால், 360 பிக்சல் செல்போனில் வரிசைக்கு ஒரு கட்டம் அமையும். 768 பிக்சல் டேப்லெட்டில் மூன்று அமையும். 1366 பிக்சல் மடிக்கணினியில் ஐந்து அமையும். இதற்கு மீடியா குவெரியும் தேவைப்படாது. பட்டன்கள், தலைப்பு வரி போன்று ஒரே வரிசையில் வருபவற்றுக்கு 'ஃபிளெக்ஸ்பாக்ஸ்' முறை ஏற்றது.

விலைப்பட்டியலில் தனிக் கவனம்

விற்பனைப் பக்கத்தின் உயிர் விலைப்பட்டியல். செல்போனில் முதலில் கெடுவதும் அதுவே. பொருள், ரகம், அளவு, விலை, கிடைக்கும் நாள், தொடர்பு எண் என்று ஆறு பத்திகள் உள்ள அட்டவணை 360 பிக்சலில் அடங்காது.

விலையை ஒரு பத்தியிலும் அளவை வேறொரு பத்தியிலும் எழுதுவது ஆபத்தானது. அளவு திரைக்கு வெளியே மறைந்தால், கால் கிலோவுக்கான விலையைக் கிலோவுக்கு என்று ஒருவர் எண்ணிவிடலாம். சரக்கு போய்ச் சேர்ந்தபின் தகராறு ஏற்பட்டு, நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழக்க நேரும். ஆகவே 'ஒரு கிலோ ரூ. 80' என்பது போல அளவையும் விலையையும் சேர்த்தே எழுத வேண்டும். விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அருகிலேயே குறிக்க வேண்டும்.

குறுகிய திரையில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டையாக மாற்றிக்காட்டுவது சிறந்தது. அது இயலாவிட்டால், அட்டவணையை ஒரு பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்யலாம். முழுப் பக்கமும் நகரக் கூடாது.

தமிழ் எழுத்துக்குரிய முறைகள்

ஆங்கிலப் பக்கத்துக்கான அளவுகளை அப்படியே தமிழுக்குக் கையாள்வது சரியன்று. கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. யூனிகோடு எழுத்திலேயே எழுத வேண்டும். பழைய அச்சக எழுத்துருக்களில் அடித்ததை ஒட்டினால், செல்போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். பக்கத்தைச் சேமிக்கும்போது 'யூ.டி.எஃப்.-8' என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. தமிழில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் வருவதால், வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் தேவை. எழுத்தின் அளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரி உயரம் வைக்கலாம்.

3. எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 18 பிக்சல் இருந்தால் முதியோருக்கு நல்லது.

4. 'ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்து' போன்ற நீண்ட சொற்கள் தமிழில் சாதாரணம். அவை பெட்டியை மீறாமல் இருக்க, தேவைப்பட்டால் சொல்லை உடைக்கலாம் என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும்.

5. வரிகளை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தக் கூடாது. குறுகிய பத்தியில் சொற்களுக்கு இடையே பொக்கை விழும். இடப்புறம் மட்டும் ஒட்டி நின்றால் போதும்.

கற்கும் வரிசை

முதல் வாரம் எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்பு, பத்தி, படம், அட்டவணை எழுதப் பழக வேண்டும். இரண்டாம் வாரம் சி.எஸ்.எஸ். மொழியில் நிறம், எழுத்தளவு, இடைவெளி. மூன்றாம் வாரம் வியூபோர்ட், சதவீத அகலம், படங்கள். நான்காம் வாரம் ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும். ஐந்தாம் வாரம் மீடியா குவெரி. ஆறாம் வாரம் சொந்தக் குழுவின் விலைப்பட்டியலையே பக்கமாக அமைத்துச் சோதிக்க வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கம்ப்யூட்டரில் உள்ள நோட்பேடே போதும். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பள்ளி, கல்லூரி அல்லது நண்பர் வீட்டில் உள்ளதைப் பயன்படுத்தலாம். ஃபிரீகோடுகேம்ப் என்ற அமைப்பும், மொசில்லா நிறுவனத்தின் எம்.டி.என். தளமும் இப்பாடங்களை இலவசமாகத் தருகின்றன. பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் கட்டளைச் சொற்கள் சில டஜன்கள்தான். அவற்றை ஒரு நோட்டில் தமிழ்ப் பொருளுடன் எழுதிவைத்துக்கொள்வது நலம். முடிந்த பக்கத்தை, விற்பனைப் பக்கங்களை அனுமதிக்கும் இலவசச் சேவை ஒன்றில் வெளியிடலாம்.

சோதிக்கும் முறையும் எளிது. கம்ப்யூட்டரில் உலாவிச் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்லக் குறுக்கிப் பார்க்கலாம். குரோம் உலாவியில் எஃப்-12 விசையை அழுத்தினால், செல்போன் அளவில் காட்டும் வசதியும் உண்டு. எனினும் கடைசிச் சோதனையை உண்மையான செல்போனில், அதிலும் விலை குறைந்த பழைய செல்போனில், வெயிலில் நின்று செய்வதே சரி.

பணம் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டியவை

குழுவின் பங்குத்தொகையிலிருந்து பணம் கொடுத்துப் பக்கம் அமைப்பவர்கள், அமைத்தவரின் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. உறுப்பினர்கள் நான்கைந்து பேர் தங்கள் செல்போனில் திறந்து கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. பெரிதாக்காமலே எழுத்தைப் படிக்க முடிகிறதா?

2. பக்கம் பக்கவாட்டில் நகராமல் இருக்கிறதா?

3. விலையும் அளவும் ஒன்றாகத் தெரிகின்றனவா?

4. தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா?

5. பட்டன்கள் விரலுக்கு அடங்குகின்றனவா? கூகுள் பரிந்துரைக்கும் 48 அலகு என்பது திரையில் சுமார் 9 மில்லிமீட்டர். ஆப்பிள் குறைந்தது 44 அலகு வேண்டும் என்கிறது.

6. செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்தாலும் பக்கம் கலையாமல் இருக்கிறதா?

7. சிக்னல் குறைந்த இடத்திலும் விரைவில் திறக்கிறதா?

8. விலையை மாற்றும் முறை குழுவில் ஒருவருக்காவது கற்றுத்தரப்பட்டுள்ளதா?

எட்டாவது கேள்வி மிக முக்கியம். விலை மாற்ற ஒவ்வொரு முறையும் நகரத்து ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தால், விரைவிலேயே பக்கத்தில் ஒரு விலையும் களத்தில் ஒரு விலையுமாகிவிடும். அப்படிப்பட்ட பக்கம் இருப்பதைவிட இல்லாதிருப்பது மேல்.

யாருக்குத் தேவை?

தெரிந்த இருபது முப்பது குடும்பங்களுக்கு மட்டும் காய்கறி கொடுப்பவருக்கு இணையப் பக்கம் அவசியமில்லை. வாட்ஸ்அப் செய்தியே போதும். முன்பின் தெரியாதவர்களும் தேடி வந்து வாங்க வேண்டும் என்று விரும்பும் குழுக்களுக்கும், ஆண்டு முழுவதும் விற்கக்கூடிய மஞ்சள்தூள், அரிசி, எண்ணெய் முதலியவற்றை வைத்திருப்போருக்கும் இது பயன்தரும். பக்கம் தானாக விற்றுக் கொடுக்காது. பொருளின் தரமும் சொன்ன சொல் தவறாமையுமே விற்றுக் கொடுக்கும். ஆனால் வாங்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் இருக்க, பக்கம் அவர் கையிலுள்ள திரைக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே விவசாயக் குடும்பத்து இளைஞர்களும் இளம்பெண்களும் மேற்கூறிய முறைகளை ஓய்வு நேரத்தில் கற்று, தங்கள் குழுவின் விலைப்பட்டியலில் இருந்தே பழகத் தொடங்கலாம். ஏற்கெனவே பக்கம் வைத்துள்ள குழுக்கள், அடுத்த அறுவடைக்கு முன் அதைத் தங்கள் செல்போனில் ஒருமுறை திறந்து பார்த்து, குறைகளைக் களைந்து பயன்பெறலாம்.